மூன்றரை வயது மகளுக்கு டைப் 1: பிடிவாதம், படிப்பு, வீட்டுச் சண்டை. அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரையாள் (திங்கள், இரவு 11.20)

வணக்கம். இந்தக் குழுமத்தில் நெடுநாள் வாசகி. எழுதுவது இதுவே முதல் முறை.

மகளுக்கு மூன்றரை வயது. தீபாவளிக்குப் பிறகு ஓயாமல் தண்ணீர் கேட்டாள், இரவில் படுக்கையை நனைத்தாள், எடை இறங்கியது. முதலில் பார்த்த மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்தார். மூச்சு வாங்கத் தொடங்கியதும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐசியுவில் சேர்த்த பிறகுதான் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இப்போது உணவுக்கு ஒன்று, இரவில் ஒன்று என்று நாளுக்கு நான்கு ஊசி.

உடம்பு தேறிவிட்டது. குணம்தான் மாறிவிட்டது. ஊசிப் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்கிறாள். இழுத்துப் பிடித்துப் போட்டுவிட்டுத் தட்டை வைத்தால் இரண்டு வாய் இட்லி, அதற்குப் பிறகு வாயை இறுக மூடிக்கொள்கிறாள். போட்ட மருந்து உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எனக்குக் கை காலெல்லாம் நடுங்குகிறது. ஜூஸ் தந்தால்தான் ஆயிற்று என்கிறாள். தராமல் இருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

மாமனார், "காலமெல்லாம் ஊசி போட்டால் பிள்ளை மந்தமாகிவிடும்" என்கிறார். கணவரின் அண்ணன், சர்க்கரை இறங்கினால் மூளை பாதிக்கும், அதனால் எப்போதும் 200க்கு மேலேயே வைத்திரு என்கிறார். மருத்துவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இதே பேச்சு, இதே சண்டை. இந்த நோயும் இந்த மருந்தும் சேர்ந்து பிள்ளையின் அறிவையும் குணத்தையும் உண்மையில் என்ன செய்கின்றன?

பரணி_நெல்லை (திங்கள், இரவு 11.52)

அம்மா, உங்கள் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் மகனுக்கு இப்போது ஏழு வயது. நான்கு வயதில் ஒரு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்தது. பல் கிட்டிக்கொண்டு, ஒரு பக்கக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து 220க்குக் கீழே அவனைத் தூங்க அனுப்புவதில்லை. ஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) 9 வருகிறது. மருத்துவர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவன் நான்தானே.

கைமருந்துப்_பிரியன் (செவ்வாய், காலை 6.05)

பாகற்காய்ச் சாறும் ஆவாரம்பூக் குடிநீரும் நாற்பத்தெட்டு நாள் கொடுத்துப் பாருங்கள். ஊசியைப் படிப்படியாக நிறுத்திவிடலாம். எங்கள் ஊரில் நிறையப் பேருக்குக் குணமாகியிருக்கிறது.

நெறியாளர் (செவ்வாய், காலை 6.40)

மேலே உள்ள பதிவை நீக்காமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், இதே அறிவுரையை எல்லாப் பெற்றோரும் வீட்டுத் திண்ணையிலும் கேட்கப்போகிறார்கள் என்பதுதான். டைப் 1ல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இன்சுலின் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இன்சுலின் ஊசி வந்த 1922க்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகும். தாத்தா பாட்டிக்கு வரும் டைப் 2 வேறு நோய். இந்த இழையில் இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

கோவை_கல்வியாளர் (செவ்வாய், காலை 9.30)

சகோதரி, மருத்துவமனை ஒன்றில் நீரிழிவுக் கல்வியாளராக வேலை செய்கிறேன். ஊசி போடவும் உணவைக் கணக்கிடவும் பெற்றோருக்குச் சொல்லித்தருவதுதான் என் தொழில்.

உங்கள் வீட்டில் நடப்பது இந்த வயதுக் குழந்தை உள்ள பெரும்பாலான வீடுகளில் நடப்பது. மூன்று வயது என்பதே "மாட்டேன்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் வயது. அந்த நேரத்தில் நாளுக்கு நான்கு முறை பிடித்து அழுத்திக் குத்துகிறோம், ஆறேழு முறை விரலில் குத்துகிறோம், அதன் மேல் "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுகிறோம். பிள்ளை அடம் பிடிக்காவிட்டால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

ஆனால் அடத்தில் மூன்று வகை உண்டு. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது மூளைக்கு எரிபொருள் போதாமல் வருவது ஒன்று. பெரியவர்கள் "படபடக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். இந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் அழும், வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கிறுக்கும், கூப்பிட்டால் திரும்பாது. மிக அதிகமாக ஏறியிருக்கும்போதும் எரிச்சல் வரும், ஆனால் அதன் சாயல் வேறு: தாகம், சோர்வு, எதிலும் மனம் ஒட்டாமை. மூன்றாவது, சாதாரணப் பிள்ளைச் சேட்டை. ஆகவே கண்டிப்பதற்கு முன்னால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் மற்றப் பிள்ளையை எப்படிக் கண்டிப்பீர்களோ அப்படியே கண்டியுங்கள். நோயாளிப் பிள்ளை என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த வீடுகளில்தான் ஐந்தாறு வயதில் ஊசி போடுவது போர்க்களமாகிறது.

ஜூஸ் பேரத்துக்கு வழி உண்டு. சர்க்கரை இறங்கினால் பிடித்த பானம் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. இனி இறக்கத்துக்குக் குளுக்கோஸ் பொடி மட்டும். அவள் எடைக்கு ஒரு தேக்கரண்டி போதும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். சாப்பிடும் அளவு நிச்சயமில்லாத வேளைகளில் அதிவேக இன்சுலினைச் சாப்பாட்டுக்கு முன் பாதி, பின் மீதி என்று பிரிக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். அரை யூனிட் அளவுக்குப் போடக்கூடிய பேனா இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதினான்கு கிலோ குழந்தைக்கு ஒரு யூனிட் என்பது பெரிய தாவல்.

ஊசி நேரத்தில் அவளுக்கு ஒரே ஒரு முடிவை விட்டுக்கொடுங்கள்: தொடையா, வயிறா? இன்றைக்குப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

பரணி ஐயா, உங்களுக்கு மாலையில் தனியாக எழுதுகிறேன். அந்த வலிப்பைப் பார்த்த பெற்றோரின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

தஞ்சை_ராஜி (செவ்வாய், காலை 10.15)

அரை யூனிட் பேனா! நாங்கள் அரசு மருத்துவமனையில் வாங்குவது குப்பி மருந்து. காலையும் மாலையும் ரெகுலர் (குறுகிய நேர இன்சுலின்), என்பிஎச் (நடுத்தர நேர இன்சுலின்) இரண்டையும் ஒரே ஊசியில் இழுத்துப் போடுகிறோம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். அரை மணி கழித்து ஐந்து வயதுப் பையன் பசிக்கவில்லை என்றால் என்ன செய்வது? பதினோரு மணிக்கு என்பிஎச் உச்சத்துக்கு வரும், அப்போது கட்டாயம் ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்காகவே பள்ளிக்கூட வாசலில் எவர்சில்வர் டப்பாவோடு நிற்கிறேன். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. மண்பானைத் தண்ணீரில் டப்பாவை மிதக்கவிட்டு அதற்குள் மருந்தை வைக்கிறேன். அதற்கும் கெடாமல்தான் இருக்கிறது.

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டில், அழும்போதெல்லாம் விரலைப் பார் என்பது சுலபமான யோசனை இல்லை.

கோவை_கல்வியாளர் (செவ்வாய், காலை 10.40)

ராஜி, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். மண்பானை முறை சரியானதே, நாங்களும் அதைத்தான் சொல்லித்தருகிறோம். ஸ்ட்ரிப் குறைவாக இருந்தால் காலை எழுந்ததும், என்பிஎச் உச்சத்துக்கு வரும் நேரம், படுக்கும் முன், இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான அழுகைக்கு ஸ்ட்ரிப் இல்லையென்றால் இறக்கம் என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள்.

குப்பி பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒன்று. நம் நாட்டில் குப்பி மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்து, ஏன் தினமும் சர்க்கரை இறங்குகிறது என்று தெரியாமல் தவித்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாலு_வயசுக்காரன் (செவ்வாய், மதியம் 1.25)

எல்லோரும் பெற்றோர் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் பிள்ளை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு நான்கு வயதில் வந்தது, 1992ல். இப்போது திருச்சியில் வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். மாமனாரிடம் சொல்லுங்கள்: கணக்குப் பாடத்தில் பள்ளியிலேயே முதலாக வந்தேன். மந்தமாகவில்லை.

ஆனால் மனத்தில் தழும்பு இல்லை என்று சொல்லமாட்டேன். அது ஊசியால் வந்ததில்லை. வீட்டில் ஒரு கட்டளை இருந்தது: யாரிடமும் சொல்லாதே. விருந்தாளி வந்தால் ஊசி போடக் கொல்லைப்புறம் போக வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி தொடங்கியதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக் குளியலறையைத் தேடுவார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன புரியும்? தான் ஏதோ அசிங்கம் செய்கிறோம் என்று புரியும். பிறகு, எனக்குப் பதினான்கு வயதில், நண்பர்கள் முன்னால் ஊசி போடக் கூசி மதிய ஊசியையே விட்டேன். ஒரு வருடத்தில் இரண்டு முறை ஐசியு. அப்பா அதைத் திமிர் என்றார்.

பெண் குழந்தை என்றால் இந்த ஒளிவுமறைவு இன்னும் பல மடங்கு. வைகைக்கரை அக்கா, உங்கள் வீட்டிலும் "நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டாமா" என்று யாராவது இந்நேரம் தொடங்கியிருப்பார்கள். மூன்றரை வயதில் அதை அவள் காதில் விழவிடாதீர்கள்.

அக்காளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு அக்காள். எனக்கு நோய் வந்த நாளிலிருந்து வீட்டில் இனிப்பு வாங்குவதில்லை. அவளுக்கு எட்டு வயது. தம்பிக்காக விட்டுக்கொடு, தம்பியைப் பார்த்துக்கொள், தம்பி மயங்கினால் ஓடிவந்து சொல். அவள் பிறந்தநாளுக்குக்கூட கேக் வெட்டவில்லை. இன்றைக்கும் இதைப் பேசினால் குரல் உடைந்துவிடுகிறது அவளுக்கு. இன்றைய இன்சுலின் முறையில் அளவறிந்து ஊசி போட்டால் எல்லோரும் தின்பதில் நானும் கொஞ்சம் தின்னலாம். அந்தக் காலத்தில் அது யாருக்கும் தெரியாது. இன்றும் தெரியாதது போல நடக்கும் வீடுகளைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வைகைக்கரையாள் (செவ்வாய், மதியம் 2.50)

தம்பி, கல்யாணப் பேச்சு ஏற்கெனவே வந்துவிட்டது. ஐசியு வாசலிலேயே வந்தது.

மூத்தவனுக்கு ஏழு வயது. போன வாரம் அவன் பைக்குள் கடலைமிட்டாய்க் காகிதம். கேட்டதற்கு, "பாப்பாவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடக் கழிப்பறையில் வைத்துத் தின்றேன்" என்றான். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் காகிதம் வேறு மாதிரி தெரிகிறது.

தரவுதேடி (செவ்வாய், மாலை 5.10)

அறிவு பற்றிய கேள்விக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லையே. என் தங்கை மகனுக்காகப் படித்ததை எழுதுகிறேன். மருத்துவன் இல்லை, மருத்துவ ஆய்வுகளைப் புள்ளியியல் பக்கத்திலிருந்து படிக்கிறவன்.

கணவரின் அண்ணன் சொல்வது ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. 1980களில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், ஐந்து வயதுக்கு முன் நோய் வந்தவர்கள் பதின்பருவத்தில் சில சோதனைகளில் பின்தங்குவதைக் கண்டார்கள். சிறுவயதில் வந்த கடுமையான இறக்கங்களே காரணம் என்று அப்போது சந்தேகித்தார்கள். மருத்துவ உலகமும் அதற்கேற்ப நடந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆறு வயதுக்குக் கீழே ஏ1சி 7.5 முதல் 8.5 வரை இருக்கட்டும் என்று தனி இலக்கே வைத்திருந்தது. சின்னக் குழந்தையைக் கொஞ்சம் மேலேயே வைத்திரு என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான்.

பிறகு படம் மாறியது. அமெரிக்காவில் ஐந்து மையங்கள் சேர்ந்து நான்கு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளின் மூளையை எம்ஆர்ஐ எடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தன. டைப் 1 உள்ள குழந்தைகளுக்கு மூளையின் சில பகுதிகள் சற்று மெதுவாக வளர்ந்தன. அந்த வித்தியாசம் ஒட்டிவந்தது அதிகச் சர்க்கரையோடு. அந்தக் குழந்தைகளில் கடும் இறக்கம் கண்டவர்கள் மிகச் சிலரே. பின்னாளில் அறிவுத்திறன் சோதனையில் சராசரி சில புள்ளிகள் குறைந்தது. நோய் தெரிந்த நேரத்தில் அமிலம் ஏறி ஐசியுவுக்குப் போன குழந்தைகளிடமும், குறிப்பாக நினைவாற்றலில், சிறு குறைவு பதிவாகியிருக்கிறது. 2014ல் அமெரிக்கச் சங்கம் வயதுவாரி இலக்கை எடுத்துவிட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் 7.5க்குக் கீழே என்றது. அதற்குப் பிறகு வந்த சர்வதேச வழிகாட்டல்கள் 7க்குக் கீழே என்கின்றன.

காரணம் புரியாததில்லை. மூளை குளுக்கோஸை மிக அதிகமாகத் தின்னும் வயது ஐந்தை ஒட்டியது. அந்த வயதில் மேலும் கீழும் ஏறியிறங்கினால் ஏதோ கொஞ்சம் பாதிப்பு இருக்கத்தானே செய்யும்.

அம்மா, இனி எழுதுவதை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். இவையெல்லாம் பெருங்கூட்டத்தின் சராசரியில் தெரியும் சிறு வித்தியாசங்கள், தனிப் பிள்ளையின் தலையெழுத்து இல்லை. டென்மார்க்கில் 2011 முதல் 2015 வரை அரசுப் பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாசிப்பு, கணிதத் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தார்கள். அவர்களில் டைப் 1 உள்ளவர்கள் சுமார் 2,000 பேர். சராசரியில் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. மருந்து நல்லபடி கிடைக்கும் நாட்டில், சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தால், பிள்ளை வகுப்பில் மற்றவர்களோடு ஓடுகிறது.

கெடுப்பது ஊசி இல்லை. ஊசி போதாமல் போவதுதான் கெடுக்கிறது. இதையும் சேர்த்துப் படியுங்கள்.

பரணி_நெல்லை (செவ்வாய், மாலை 6.00)

ஆய்வு, சராசரி, புள்ளி. என் மகன் தரையில் கிடந்தபோது சராசரி பக்கத்தில் இல்லை. உயரத்தில் இருப்பதால் பத்து வருடம் கழித்து நாலு புள்ளி குறையலாம். இறங்கினால் காலையில் பிள்ளையே இல்லாமல் போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

தரவுதேடி (செவ்வாய், மாலை 6.20)

ஐயா, 220க்கும் வலிப்புக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கோவை_கல்வியாளர் (செவ்வாய், இரவு 8.45)

பரணி ஐயா, தனியாக எழுத நினைத்தேன். இது பலருக்கும் உரிய கேள்வி என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

ஏ1சி 9 என்றால் சராசரி 212. 7 என்றால் 154. அந்தச் சராசரிக்குள் அவன் பகலில் 300, 350 தொடுகிறான் என்று பொருள். 300ல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் மண்டையில் ஏறாது, அடிக்கடி சிறுநீருக்கு எழுந்து போகும், வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் குறை சொல்வார். இறக்கம்தான் ஆபத்து, ஏற்றம் ஒதுங்கி நிற்கும் இடம் என்று நினைக்கிறோம். ஏற்றம் அப்படி ஓர் இடம் இல்லை.

வலிப்பு ஏன் வந்தது என்று யாராவது அலசினார்களா? முந்தின நாள் மாலையில் நிறைய ஓடி விளையாடியிருக்கலாம், இரவுச் சாப்பாடு குறைந்திருக்கலாம், இரவு மருந்தின் உச்சம் விடியற்காலையில் விழுந்திருக்கலாம். என்பிஎச் என்றால் அது அடிக்கடி நடக்கும். உச்சமில்லாத நீண்டநேர இன்சுலினுக்கு மாற்றினால் அந்த அபாயம் வெகுவாகக் குறையும். காரணத்தை விட்டுவிட்டு எல்லா இரவையும் 220க்குத் தூக்கிவிட்டோம்.

வீட்டில் குளுக்ககான் (சர்க்கரையைச் சட்டென்று உயர்த்தும் ஹார்மோன்) ஊசி இருக்கிறதா? விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனால் வலிப்பு கண்ட குழந்தை உள்ள வீட்டில் அது அவசியம். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊசி போட்டு, 108ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கார்பரோ_அப்பா (புதன், காலை 7.30)

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகளுக்கு இரண்டு வயதில் வந்தது, இப்போது ஆறு. (இங்கே அளவு வேறு கணக்கு. உங்கள் 180 எங்களுக்கு 10.)

முதல் இரண்டு வருடம் நானும் மனைவியும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. இரவு ஒரு மணிக்கு நான், நாலு மணிக்கு அவ. பகலில் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் எரிந்து விழுவோம். பிள்ளையைப் பற்றித்தான் சண்டை என்று நினைத்தோம், நித்திரை இல்லாத சண்டைதான் அது. இப்போது தோலில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சாரும் இன்சுலின் செலுத்தும் பம்பும் தாமாகவே பேசிக்கொண்டு மருந்தைக் கூட்டிக் குறைக்கும் முறை. பம்பின் செலவை ஒன்ராறியோ அரசின் திட்டம் ஏற்றது. மகளின் சர்க்கரை நேரானது ஒரு பக்கம். எங்கள் வீட்டில் ஆட்கள் மறுபடி கதைக்கத் தொடங்கியது மறுபக்கம்.

தஞ்சை_ராஜி (புதன், காலை 8.10)

நல்லது அண்ணா, சந்தோஷம். இங்கே ஒரு சென்சார் பதினான்கு நாள்தான் வரும், அதன் விலையில் என் வீட்டு மாத மளிகை முடிந்துவிடும். பக்கத்து மாநிலம் கேரளத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே "மிட்டாயி" என்று அரசுத் திட்டம் வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016ல் 21 வகை சேர்த்தார்கள், ரத்தம் உறையாமை, தலசீமியா எல்லாம் இருக்கிறது, டைப் 1 இல்லை. அறிவு, நடத்தை, குடும்பம் என்று பேசும்போது பணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசமுடியாது. பிள்ளையின் சர்க்கரைக்காக வேலையை விட்டவள் நான். வேலையை விட்டதால் ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் நிற்கிறவளும் நான்.

தரவுதேடி (புதன், காலை 9.00)

ராஜி சொல்வதற்கு ஆய்விலும் ஆதரவு இருக்கிறது. அந்தத் தானியங்கி முறையை ஒரு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஐரோப்பாவில் சோதித்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். இறக்கம் கூடாமலே, சர்க்கரை சரியான வரம்பில் நிற்கும் நேரம் ஒரு நாளில் இரண்டு மணிநேரம் அளவுக்குக் கூடியது. கருவிக்குச் செய்யத் தெரிகிறது, யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒன்றாம்வகுப்பு_டீச்சர் (புதன், மாலை 4.35)

பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். காலையில் கூட்டல் கணக்கைப் பளிச்சென்று செய்வான், பதினோரு மணிக்கு அதே கணக்கை வெறித்துப் பார்ப்பான். அவன் அம்மா எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் தாள் இல்லாவிட்டால் நானும் சோம்பேறி என்றுதான் நினைத்திருப்பேன். குளுக்கோஸ் கொடுத்ததும் உடனே படிக்கச் சொல்லாதீர்கள் என்று அதில் இருந்தது. அளவு சரியான பிறகும் மூளை தெளிய அரை மணி, முக்கால் மணி ஆகுமாம். அந்த நேரத்தில் நடத்திய தேர்வைப் பிறகு மறுபடி எழுதவைத்தேன்.

சிபிஎஸ்இ 2017லேயே பொதுத்தேர்வு அறைக்குள் இந்த மாணவர்கள் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. குழந்தைகள் உரிமை ஆணையமும் 2023ல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. உங்கள் மகளை எல்கேஜியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். "பொறுப்பேற்க முடியாது" என்று கைவிரிக்கும் பள்ளிகள் இருக்கின்றன.

சேலத்துச்_சித்தப்பா (புதன், இரவு 7.20)

தலைப்பிலிருந்து சற்று விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஆறு மாதத்துக்கு முன்பே சர்க்கரை கண்ட குழந்தை இருந்தால், அது டைப் 1 ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மரபணுச் சோதனை கட்டாயம். என் அண்ணன் பேத்திக்கு இரண்டு மாதத்தில் வந்தது. கழுத்து நிற்கவும் உட்காரவும் தாமதம். சோதனையில் ஒரே ஒரு மரபணுக் கோளாறு என்று தெரிந்தது. 2004ல்தான் அந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பையே கண்டுபிடித்தார்கள். 2006ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் குழுவினர், அந்தக் கோளாறு உள்ள 49 பேரில் 44 பேரை இன்சுலினிலிருந்து பெரியவர்கள் சாப்பிடும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாற்றிக் காட்டினார்கள். அதே கோளாறு மூளைச் செல்களிலும் இருப்பதால், மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் வளர்ச்சியும் ஓரளவு மேம்படுகிறது. எங்கள் பேத்தி இப்போது மாத்திரையில் இருக்கிறாள், நடக்கிறாள், பேச்சுதான் இன்னும் பின்தங்கியிருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டயாபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் இந்த மரபணுச் சோதனை செய்கிறார்கள்.

வைகைக்கரையாள் (வியாழன், இரவு 10.05)

எல்லோருக்கும் நன்றி. டென்மார்க் கணக்கை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "டென்மார்க்காரனுக்கு என்ன தெரியும்" என்றார். ஆனால் திருச்சித் தம்பி வங்கியில் வேலை பார்ப்பதை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கணவருக்கு ஊசி என்றால் கை நடுங்குகிறது, அதனால் இரவு விரல் பார்ப்பது இனி அவர் வேலை என்று முடிவாகியிருக்கிறது. நேற்று வீட்டில் கேசரி செய்து நால்வரும் தின்றோம். அவளுக்கு அளந்து ஊசி போட்டேன், இரண்டு மணிநேரத்தில் 240 போனது. இது சரியா, தவறா?

கோவை_கல்வியாளர் (வியாழன், இரவு 10.30)

ஒரு 240ல் ஒன்றும் ஆகிவிடாது. இறங்கி வந்ததா? வந்திருந்தால் கேசரி அளவையும் ஊசி அளவையும் எழுதிவையுங்கள். அடுத்த முறைக்கு அதுதான் கணக்கு. கேசரியில் நெய் இருப்பதால் தாமதமாகவும் ஏறும்.

பரணி_நெல்லை (வியாழன், இரவு 11.40)

என்பிஎச்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்கு மருத்துவரிடம் கேட்டேன், மாற்றலாம் என்றார். முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கு விரல் பார்க்கச் சொல்லியிருக்கிறார். 180 வரை இறக்கச் சம்மதித்திருக்கிறேன். 150 எல்லாம் இப்போது பேசாதீர்கள். குளுக்ககான் திருநெல்வேலியில் எந்தக் கடையிலும் இல்லை என்கிறார்கள், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தஞ்சை_ராஜி (வியாழன், இரவு 11.55)

இங்கேயும் இருப்பில் வைப்பதில்லை. மருத்துவரின் சீட்டைக் கொடுத்து முன்பணம் கட்டினால் மொத்த வியாபாரியிடமிருந்து வரவழைத்துத் தருவார்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். எனக்கு வந்ததில் நான்கு மாதம்தான் மிச்சம் இருந்தது.